ஒசாகாவில் ஒரு ‘ஒட்டாக்கு’: பாராட்டாகச் சொன்ன சொல் ஒரு வாடிக்கையாளரை விலக்கிய கதை

பின்னணி

ஜப்பானுக்கு வேலைக்கு வரும் நம் ஊர்ப் பொறியாளர்களுக்கு அலுவலக ஜப்பானிய மொழிப் பயிற்சி கொடுப்பது என் தொழில். நான் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் ஒசாகா கிளையில் 2023 இலையுதிர் காலத்தில் தொடங்கி மறு வசந்தம் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆள் யார் என்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், சிலவற்றை விட்டிருக்கிறேன்.

இதில் வருபவர்கள் நான்கு பேர். முதலாமவர் 27 வயதுத் தமிழ்ப் பொறியாளர். டோக்கியோவில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஒசாகாவுக்கு மாற்றலாகி வந்தவர். அவருடைய மேலாளர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு ஜப்பானியர், நிதானமான மனிதர், சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. எதிர்த் தரப்பில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவுத் தலைவர், வயது 57, பிறந்து வளர்ந்தது எல்லாம் ஒசாகா, கல்லூரி முடித்து அந்த நிறுவனத்தில் சேர்ந்தது 1989 வசந்தத்தில். அந்த வருடத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது, அவருக்குக் கீழே வேலை செய்யும் இருபதுகளில் உள்ள ஒரு பெண்.

நம் பொறியாளரின் ஜப்பானிய மொழி நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் பாதி வகுப்பில் கற்றது, பாதி அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் படங்கள், பார்த்துக் கற்றது. டோக்கியோ அலுவலகத்தில் முதல் நாள் சுய அறிமுகத்தில் “நான் ஒரு அனிமே ஒட்டாக்கு” என்று சொன்னாராம். உடனே நான்கு பேர் வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் முகாம் ஒட்டாக்கு, ஒருவர் விசைப்பலகை ஒட்டாக்கு, இன்னொருவர் காரக் கறி ஒட்டாக்கு. எல்லோரும் முப்பதுக்குள். ஆக, ஒரு விஷயத்தில் ஆழமாக இறங்கியவரைப் பாராட்டும் சொல் இது என்று அவர் மனதில் பதிந்ததில் ஆச்சரியம் இல்லை. தமிழில் ஒருவரை ‘கிரிக்கெட் பைத்தியம்’ என்று முகத்துக்கு நேரே சொன்னால்கூட அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாரே, அந்த ரகம் என்று நினைத்திருக்கிறார். நிறுவனம் கொடுத்திருந்த பழைய சொல்தாளிலும் இந்தச் சொல்லுக்கு நேராக ‘தீவிர ரசிகர்’ என்று இரண்டே வார்த்தைகள்தான் இருந்தன.

முதல் சறுக்கல்: இணையவழிக் கூட்டம்

அக்டோபரில் வாடிக்கையாளருடன் முதல் கூட்டம், திரை வழியாக. உதிரிபாகம் எப்போது வந்து சேரும் என்ற பேச்சு. எங்கள் பக்கம் டிசம்பருக்குள் தயாராகிவிடும் என்று சொன்ன கொள்முதல் தலைவர், அடுத்து நம் ஆளைப் பார்த்து, “ஒட்டாக்கு-சான் தோக்கோ வா, தோனாய் தெசு கா?” என்று கேட்டார்.

நம் ஆள் முகம் மலர்ந்து, “ஆமாம், நான் அனிமே ஒட்டாக்குதான்!” என்றார்.

ஒரு நொடி யாரும் பேசவில்லை. பிறகு அந்த இளம்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், தலைவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார், மேலாளர் இடையில் புகுந்து “எங்கள் தரப்பில் ஜனவரி முதல் வாரம்” என்று பதில் சொல்லிக் கூட்டத்தை நகர்த்திவிட்டார்.

அவர் கேட்டது வேறொன்றும் இல்லை, “உங்க தரப்புல எப்படி?” என்பதுதான். ஒசாகாப் பக்கத்து வயதான வியாபாரிகள் எதிரில் இருப்பவரை, எதிரில் இருப்பவரின் நிறுவனத்தை ‘ஒட்டாக்கு’ என்றும் ‘ஒட்டாக்கு-சான்’ என்றும் இன்றும் சொல்கிறார்கள். ‘தாக்கு’ என்றால் வீடு, முன்னால் வரும் ‘ஒ’ மரியாதைக்கு. உங்கள் இல்லம், அங்கிருந்து நீங்கள், அங்கிருந்து உங்கள் கடை, உங்கள் தரப்பு. வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது ‘ஒன்ஷா’, அதாவது உங்கள் நிறுவனம், நேர்முகத் தேர்வு மொழி. டோக்கியோவில் அது போதும். ஒசாகாவில் ஐம்பது தாண்டிய ஒரு கொள்முதல்காரர் முன்னால் உட்கார்ந்தால் போதாது.

கூட்டம் முடிந்ததும் இதை யாரும் அவருக்கு விளக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், விஷயம் முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்த நிகழ்வின் திருப்பமே இங்கேதான். ஏனென்றால் நம் ஆள் அந்தக் கூட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனது என்ன? ‘இந்தத் தலைவர் ஜாலியான மனிதர், முதல் சந்திப்பிலேயே என்னை ஒட்டாக்கு என்று கிண்டல் செய்கிறார், இவரிடம் இந்தச் சொல்லைத் தாராளமாகப் பேசலாம்.’

இரண்டாவது: இசகாயா மேசை

நவம்பரில் ஆலையைப் பார்வையிட்ட பிறகு இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு இசகாயாவில், அதாவது குடித்துக்கொண்டே சாப்பிடும் ஜப்பானிய உணவகத்தில், உட்கார்ந்தார்கள். தலைவரின் கைப்பையில் ஒரு சின்ன உலோக வில்லை தொங்கியது, ஓரம் தேய்ந்து பளபளத்துப் போனது. அதில் ‘நிஹோன்காய்’ என்ற எழுத்துகள். நிஹோன்காய் என்பது ஒசாகாவுக்கும் வடக்கே அஓமோரிக்கும் ஓடிய இரவு ரயில், நீல நிறப் பெட்டிகள் கொண்ட தூங்கும் வசதி ரயில்களில் ஒன்று, அன்றாட ஓட்டம் 2012 மார்ச்சில் நின்றுவிட்டது. நம் ஆளுக்கும் ரயில் பிடிக்கும், அனிமேக்கு அடுத்தபடியாக. அந்த வில்லையைப் பார்த்ததும் உற்சாகம் தாங்கவில்லை.

“புச்சோ, நீங்கள் தெத்சுதோ ஒட்டாக்குவா!” என்று மேசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். புச்சோ என்பது துறைத் தலைவரை அழைக்கும் பதவிப் பெயர், தெத்சுதோ என்றால் ரயில்.

தலைவர் “ச்சாய்மஸ்” என்றார். இல்லை என்பதற்கு ஒசாகாச் சொல். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு பையை மேசை ஓரத்திலிருந்து எடுத்து நாற்காலிக்கு அடியில், வில்லை உள்பக்கம் இருக்கும்படி வைத்தார். பக்கத்தில் அவருடைய பிரிவைச் சேர்ந்த மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு உடனே பேஸ்பாலுக்குப் போனது.

கவனித்தது

யாரும் புகார் செய்யவில்லை. ஜப்பானிய அலுவலகத்தில் இப்படிப்பட்ட விஷயத்துக்குப் புகார் வரும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மாற்றம் மின்னஞ்சலில்தான் தெரிந்தது. அதுவரை நம் ஆளின் பெயருக்கே நேராக வந்த கடிதங்கள் மேலாளர் பெயருக்கு வரத் தொடங்கின, அவர் பெயர் நகல் வரிசைக்குப் போனது. ஆரம்ப வரியில் வானிலையைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கும், அது காணாமல் போனது. டிசம்பர் ஆய்வுக் கூட்டத்துக்கு ‘எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்’ என்ற ஒரு வரியோடு மேலாளருக்கு மட்டும் அழைப்பு.

அந்த இளம்பெண் வேறு ஏதோ வேலையாகத் தொலைபேசியில் பேசும்போது, போகிற போக்கில் மேலாளரிடம் ஒன்று சொன்னார்: “எங்கள் புச்சோ அலுவலகத்தில் ரயிலைப் பற்றிப் பேசுவதில்லை.” அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் கேட்பது மரியாதை இல்லை, அவர் சொல்லவும் மாட்டார். அதை வைத்துத்தான் மேலாளர் புள்ளிகளை இணைத்து என்னைக் கூப்பிட்டார்.

நம் ஆளோடு தனியாகப் பேசினேன். “அக்கா, நான் பாராட்டித்தானே சொன்னேன்? அவரே என்னை முதல்ல அப்படிக் கூப்பிட்டாரே?” என்றார். உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். அந்த முதல் கூட்டத்தில் நடந்தது என்ன என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னோம். முகம் வெளிறிவிட்டது.

அந்தச் சொல் வந்த வழி

அவருக்கு நான் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் அந்த மேசையில் நடந்தது புரியாது.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் அனிமே, அறிவியல் புனைகதை ரசிகர்கள் கூட்டமாகச் சேரத் தொடங்கியிருந்தார்கள். ரசிகர்களே வரைந்த மங்கா (ஜப்பானியப் படக்கதை) இதழ்களை விற்கும் காமிக் மார்க்கெட் 1975 டிசம்பரில் சுமார் 700 பேரோடு ஆரம்பித்து, சில வருடங்களிலேயே பெரும் கூட்டமாகிவிட்டது. இந்தச் சபைகளில் ஒருவரை ஒருவர் எப்படி அழைப்பது என்பது ஒரு சிக்கல். நெருங்கிய நண்பர்களுக்கு உள்ள ‘நீ’ அதிகப்படி, ஏனென்றால் பெயரே தெரியாது. முறைப்படியான மரியாதைச் சொல் இளைஞர்களுக்குப் பொருந்தாது. நடுவில் கிடைத்தது ‘ஒட்டாக்கு’. அக்கம்பக்கத்துக் குடும்பத் தலைவிகள் ஒருவரோடு ஒருவர் பேசும்போது பயன்படுத்துகிற, மரியாதையும் கொஞ்சம் விலகலும் உள்ள ‘நீங்கள்’. 1982 அக்டோபரில் ஒளிபரப்பைத் தொடங்கிய ‘மாக்ராஸ்’ அனிமே தொடரில் பாத்திரங்கள் இப்படி அழைத்துக்கொள்வது இதை இன்னும் பரப்பியது என்பார்கள். இந்தப் பழக்கத்தை முதலில் தொடங்கியது எந்த வட்டம் என்பதில் பல கதைகள் உண்டு, அதற்குள் போக வேண்டாம்.

விஷயம் திரும்புவது 1983 ஜூன் மாதம். ‘மங்கா புரிக்கோ’ என்ற சிற்றிதழில் அகியோ நகமோரி என்ற இளம் கட்டுரையாளர் ‘ஒட்டாக்கு ஆய்வு’ என்ற தலைப்பில் ஒரு பத்தி எழுதினார். காமிக் மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கிருந்தவர்களின் உடை, தலைமுடி, கண்ணாடி, உடல்வாகு என்று ஒன்று விடாமல் கேலி செய்தார். பள்ளிக்கூடப் பையன்கள் ஒருவரை ஒருவர் பெரிய மனிதர்கள் மாதிரி ‘ஒட்டாக்கு’ என்று அழைத்துக்கொள்வது அவருக்கு அருவருப்பாகப் பட்டது. தீவிர ஆர்வலரைக் குறிக்கும் மேனியா என்ற பழைய சொல் இவர்களுக்குப் பொருந்தவில்லை, எனவே இவர்களை ‘ஒட்டாக்கு’ என்றே அழைக்கிறேன் என்று பெயர் வைத்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் மரியாதையாக அழைத்த ‘நீங்கள்’ அவர்களையே குத்தும் பட்டமாகிவிட்டது. எழுத்தில்கூட ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டைக் குறிக்கும் சீன எழுத்தை விட்டுவிட்டு ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் எழுதினார். இன்றைய இளைஞர்கள் பெரும்பாலும் கதகானா என்ற இன்னொரு ஒலியெழுத்தில் எழுதுகிறார்கள். காதுக்கு மூன்றும் ஒன்றுதான்.

அந்தப் பத்தியில் அனிமே ரசிகர்கள் மட்டும் இல்லை, நம் நிகழ்வுக்கு முக்கியமான ஒரு கும்பலும் இருந்தது. நீல இரவு ரயில்களைப் படமெடுக்கத் தண்டவாளத்தில் நின்று அடிபட்டுச் சாகப் பார்ப்பவர்கள் என்று ரயில் படப்பிடிப்புப் பையன்களையும் அவர் பட்டியலில் சேர்த்திருந்தார். 1970களின் பிற்பகுதியில் அந்த ரயில்கள் மீது ஜப்பானியச் சிறுவர்களுக்கு ஒரு மோகமே இருந்தது, காமிராவோடு நடைமேடையில் குவிவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023இல் 57 வயதானவருக்கு அந்த மோக காலத்தில் பன்னிரண்டு வயது, அந்தப் பத்தி வந்தபோது பதினேழு.

அந்தப் பத்திக்கு வாசகர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இதழின் ஆசிரியர் எய்ஜி ஒட்சுகா, இது ஆட்களை இழிவுபடுத்துகிற எழுத்து என்று கண்டித்து அதை நிறுத்தினார். சொல் அப்போதைக்குச் சின்ன வட்டத்துக்குள்ளேயே கிடந்தது.

அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது 1989. டோக்கியோ, சைத்தாமா பகுதிகளில் நான்கு சிறுமிகளைக் கடத்திக் கொன்ற ஓர் இளைஞன் அந்தக் கோடையில் பிடிபட்டான். ஐயாயிரத்துக்கும் மேல் வீடியோ நாடாக்கள் சுவர் மறைய அடுக்கியிருந்த அவனுடைய அறை தொலைக்காட்சியிலும் வார இதழ்களிலும் திரும்பத் திரும்ப வந்தது. அறையையும் ஆளையும் சேர்த்து விளக்க ஊடகங்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது, ‘ஒட்டாக்கு’ கிடைத்தது. அதன்பிறகு கொஞ்ச காலத்துக்கு அந்தச் சொல், அறைக்குள் அடைந்து கிடக்கும், யாரோடும் பழகாத, நாளைக்கு என்ன செய்வான் என்று சொல்ல முடியாத ஆள் என்ற அர்த்தத்தைச் சுமந்தது. எதையாவது நிறைய சேர்த்து வைத்திருக்கும் எந்த ஆண்பிள்ளை மீதும் அந்த நிழல் விழுந்தது. நகமோரியும் ஒட்சுகாவும், ஒரு காலத்தில் இதே சொல்லுக்காக மோதியவர்கள், அந்த வருடமே சேர்ந்து அந்த வழக்கைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள் என்பது ஒரு உபரித் தகவல்.

மீட்சி மெதுவாகத்தான் வந்தது. 1990களின் நடுவில் அனிமே தயாரிப்பாளர் தொஷியோ ஒகாதா தன்னையே ‘ஒட்டாக்கு அரசன்’ என்று அழைத்துக்கொண்டு, 1996இல் ஒட்டாக்குகளைப் பற்றிப் புத்தகம் போட்டு, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாகவே நடத்தினார். 2004இல் ‘தென்ஷா ஒத்தோகோ’, ரயிலில் ஒரு பெண்ணுக்கு உதவப்போய்க் காதலில் விழும் கூச்ச சுபாவ ஒட்டாக்குவின் கதை, புத்தகமாக வந்து மறு வருடமே சினிமாவும் தொலைக்காட்சித் தொடரும் ஆனது. வானொலி உதிரிபாகக் கடைகளுக்குப் பேர்போன டோக்கியோவின் அகிஹபரா பகுதி அனிமே கடைத்தெருவாக மாறி, வெளிநாட்டுப் பயணிகள் பார்க்கிற இடமானது. இப்போது இளைஞர்கள் ‘ஒட்டா’ என்று பாதியாக வெட்டி எதன் பின்னாலும் ஒட்டிக்கொள்கிறார்கள். தனக்குப் பிடித்த கலைஞரை ஊக்குவிக்கும் வேலைகளுக்கு ‘ஒஷிகாட்சு’ என்று புதிய, இன்னும் மென்மையான சொல்லும் வந்துவிட்டது.

ரயில் ஆர்வலர்களுக்குள்ளேயே உட்பிரிவுகள் உண்டு. படமெடுப்பவர் ‘தொரி-தெத்சு’, ஏறிப் பயணிப்பதில் இன்பம் காண்பவர் ‘நொரி-தெத்சு’, மோட்டார் சத்தத்தையும் நடைமேடை மணியையும் பதிவு செய்பவர் ‘ஒத்தோ-தெத்சு’. ரயிலைக் குறிக்கும் சொல்லின் முதல் பாதியான ‘தெத்சு’ என்றால் இரும்பு. இந்தச் சொற்களில் கேலி குறைவு. ஒரு தலைமுறை முன்னால் பிறந்தவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ள விரும்புவது ‘தெத்சுதோ ஃபான்’, அல்லது ‘சின்ன வயதில் நான் ஒரு தெத்சுதோ ஷோனென்’, அதாவது ரயில் பையன்.

ஆக, இது மூன்று வெவ்வேறு சொற்கள் மாதிரி. வயதான ஒசாகாக்காரர் வாயில் ‘உங்கள் தரப்பு’. 1989ஐ அலுவலகத்தில் கழித்தவர் காதில் ஒரு குற்றச்சாட்டு. முப்பதுக்குள் இருப்பவருக்கு ஒரு பொழுதுபோக்கு அட்டை. நம் தலைவர் ஒரே ஆளாக முதல் இரண்டிலும் இருந்தார், நம் பொறியாளர் மூன்றாவதிலிருந்து பேசினார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மேலாளர் முன் மூன்று வழிகள் இருந்தன. முறைப்படி மன்னிப்புக் கடிதம் அனுப்புவது, ஒன்றும் செய்யாமல் காலத்திடம் விடுவது, அல்லது நடுவில் ஏதாவது. அவருடைய முதல் எண்ணம் மன்னிப்புக் கடிதம்தான். ஜப்பானிய வியாபாரத்தில் அது கைவசம் உள்ள கருவி, பொருள் தாமதமானாலும் எழுதுவார்கள், எண்ணிக்கை தவறினாலும் எழுதுவார்கள்.

நான் வேண்டாம் என்றேன். காரணம் எளிமையானது. கடிதம் எழுதினால் எதற்கு மன்னிப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்தச் சொல்லை எழுத்தில் வைக்க வேண்டும். அது அவருடைய பிரிவின் பொது அஞ்சல் பெட்டியில் விழும், கோப்பில் ஏறும், சம்பந்தமில்லாதவர்களும் படிப்பார்கள். மேசையில் மூன்று பேர் கேட்டதையே பையைத் திருப்பி வைத்து மறைத்த ஒரு மனிதரை, முப்பது பேர் படிக்கும் கடிதத்தில் ‘உங்களை அப்படி அழைத்ததற்கு வருந்துகிறோம்’ என்று நிறுத்துவது உதவி இல்லை. சும்மா விடுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. ஏனென்றால் நம் ஆள் அடுத்த கூட்டத்திலும் இதே மாதிரி பேசக்கூடும், சொல் அவருக்கு இன்னும் இனிப்பாகத்தான் இருந்தது.

மேலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு மாற்றத்தோடு ஒத்துக்கொண்டார். டிசம்பர் கூட்டத்துக்குத் தனியாகவே போனார். கூட்டம் முடிந்து லிஃப்ட் வரை வழியனுப்ப வந்த தலைவரிடம் இரண்டு வாக்கியம்: “எங்கள் இளைஞர் டோக்கியோவிலிருந்து வந்தவர், ஒசாகாவில் ‘ஒட்டாக்கு’ என்றால் என்ன என்று இப்போதுதான் கற்றுக்கொண்டார். அக்டோபர் கூட்டத்தில் நீங்கள் எங்கள் கம்பெனியைக் கேட்டதை, தன்னைக் கேட்டதாக நினைத்துக்கொண்டாராம்.” இசகாயாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இது அவருடைய யோசனை, எனக்கு வந்திருக்காது. முதல் சறுக்கலைச் சொல்லிவிட்டால் இரண்டாவதற்கும் காரணம் தானாகவே விளங்கிவிடும், அதைத் தொடாமலே. தலைவர் சத்தமாகச் சிரித்தாராம். “அதுதானா!” என்றாராம்.

நம் ஆளுக்கு வைத்த விதி ஒன்றே ஒன்று. இந்தச் சொல்லைத் தன்னைப் பற்றி மட்டும் சொல்லலாம், அதுவும் எதிரில் இருப்பவர் முதலில் தன்னைப் பற்றி அப்படிச் சொன்ன பிறகு. மற்றவர்மீது ஒட்டவே கூடாது, பாராட்டாகக்கூட. “அப்ப ரயில் பிடிக்குமான்னு எப்படிக் கேக்கறது?” என்றார். “அப்படியே கேளு தம்பி, ‘ரயில் பிடிக்குமா’ன்னு,” என்றேன். வினைச்சொல் போதும், பெயர் தேவையில்லை.

பிறகு நடந்தது

உடனே எதுவும் மாறவில்லை. ஜனவரியில் மின்னஞ்சலில் வானிலை வாக்கியம் திரும்பி வந்தது. பெயர் நகல் வரிசையிலேயே இருந்தது. அந்த உதிரிபாகத் திட்டம் முடியும் வரை கூட்டங்களை மேலாளர்தான் நடத்தினார். நம் ஆளுக்கு அது ஒரு இழப்புதான், அவர் தயாரித்த வரைபடங்களை வேறொருவர் விளக்குவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்ச்சில் ஆலையில் மறுபடி ஒரு பார்வை. நடைபாதையில் இருவரும் தனியாக நடக்க நேர்ந்தபோது நம் ஆள், வார இறுதியில் நான் ரயிலேறி எங்காவது போவேன், எனக்குத் தூங்கும் வசதி ரயில் பார்க்கக் கிடைக்கவில்லை, தாமதமாகப் பிறந்துவிட்டேன் என்றார். தன்னைப் பற்றி மட்டும். தலைவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்துவிட்டு, “கியோத்தோ ரயில் அருங்காட்சியகம் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டார். அங்கே ட்வைலைட் எக்ஸ்பிரஸ் என்ற இன்னொரு இரவு ரயிலை இழுத்த ஈஎஃப்81 வகை இன்ஜின் இருக்கிறது, நிஹோன்காயை இழுத்ததும் அதே வகைதான், பச்சை வண்ணத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், நாங்கள் பார்த்தது சிவப்பு என்றார். அப்புறம் வரவேற்பறை வரும் வரை அவர்தான் பேசினார். இளைஞராக இருந்தபோது ஒசாகா நிலையத்தில் காமிராவோடு நிற்பாராம். வேலையில் சேர்ந்த வருடத்தின் இலையுதிர் காலத்தில் விடுதியில் அவருடைய அறையைப் பார்த்த ஒரு மூத்தவர், ஆல்பங்களைக் காட்டி ஏதோ வேடிக்கையாகச் சொன்னாராம். என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை, நம் ஆளும் கேட்கவில்லை. ஆல்பங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டன.

அந்தப் பேச்சு முழுவதிலும் அவர் தன்னை ‘ஒட்டாக்கு’ என்று ஒருமுறைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ‘தெத்சுதோ ஷோனென்’ என்றார். வரவேற்பறையில் காத்திருந்த அந்த இளம்பெண்ணோ, என்ன பேசினீர்கள் என்று கேட்டுவிட்டு, “நானும் நொரி-தெத்சுதான், ஒட்டா என்றே வைத்துக்கொள்ளுங்கள்!” என்றார். தலைவர் அவரை ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாராம். ஒரே பிரிவில் மூன்று வருடம் பக்கத்து மேசைகளில் இருந்திருக்கிறார்கள்.

அடுத்த திட்டத்தில் நம் ஆளின் பெயருக்கே கடிதங்கள் வந்தன.

என்ன மாறும்

சொல்தாளில் ‘தீவிர ரசிகர்’ என்ற வரி போய்விட்டது. இப்போது அங்கே மூன்று பத்திகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் யார் யாரிடம் எப்போது சொல்வது என்று தொடங்குகிறது. ஒசாகா கிளைக்குப் போகிறவர்களுக்கு வயதானவர்களின் ‘ஒட்டாக்கு-சான்’, ‘தோனாய்’, ‘ச்சாய்மஸ்’ எல்லாம் உள்ள ஒலிப்பதிவைக் கேட்கவைக்கிறோம், ஏனென்றால் எழுத்தில் படித்தால் யாருக்கும் மண்டையில் ஏறுவதில்லை.

மேலாளரும் ஒன்றை மாற்றியிருக்கிறார். வெளிநாட்டு ஊழியர் கலந்துகொள்ளும் வாடிக்கையாளர் கூட்டத்தில் காரணம் புரியாத ஒரு சிரிப்பு எழுந்தால், அன்றைய மாலைக்குள் அந்த ஊழியரோடு உட்கார்ந்து அது எதற்கு வந்தது என்று பேசிவிடுகிறார். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. அக்டோபரில் இது நடந்திருந்தால் நவம்பர் மேசையில் அந்த வாக்கியம் வந்திருக்காது என்பது அவருடைய கணக்கு, என்னுடையதும் அதுதான்.

தீராத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த இளம்பெண் தன்னை ஒட்டா என்று சொல்லிக்கொண்ட பிறகு நம் ஆள் அவரை அப்படி அழைக்கலாமா என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். விதிப்படி கூடாது. டோக்கியோ நண்பர்கள் குழுவில் தினமும் அழைத்துக்கொள்கிறார்கள். அலுவலக வளாகத்துக்குள் வேண்டாம், வெளியே அவர்கள் பாடு என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பில் பாதிப் பேருக்கு இதில் உடன்பாடு இல்லை.